ஆகானைத் தேடும் மன்றத்தாருக்கு

தென்மாவட்டத் திருச்சபைகளில் சேகர மன்றங்களிலும் சபைக் கமிட்டிகளிலும் பொறுப்பில் இருக்கும் அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும்,



நம் பக்கத்துக் கோயில்களில் ஒரு பிரசங்கம் அடிக்கடி திரும்பி வரும். சபையில் எழுப்புதல் இல்லை, வாலிபர் கூட்டத்துக்கு ஆள் சேரவில்லை, கோபுர வேலை பாதியில் நிற்கிறது, என்ன ஜெபித்தாலும் ஆசீர்வாதம் இறங்கவில்லை. காரணம், பாளயத்துக்குள் ஒரு ஆகான் இருக்கிறான். இந்த இடத்தில் பிரசங்கியார் கொஞ்சம் நிறுத்துவார். பெஞ்சில் இருக்கும் நாங்கள் தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்பி, யாராக இருக்கும் என்று பார்ப்போம். அந்தப் பார்வை போய் நிற்கும் ஆட்களும் மாறுவதில்லை. கடைசி வரிசையில் இருக்கும் குடிகாரர், புருஷனை விட்டு வந்த பெண், வேறு சாதியில் கட்டிக்கொண்ட பையனின் தாய். நீங்கள் இருக்கும் முன்வரிசைக்கு அது வருவதே கிடையாது.

யோசுவாவின் புத்தகம் 7ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசித்தால் பார்வை முன்வரிசைக்குத்தான் வரவேண்டும். அதை உங்களிடம் நேரே சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். நான் எந்த மன்றத்திலும் இருந்தவன் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து கேட்கிறவன், அவ்வளவுதான்.

எரிகோ பட்டணம் இஸ்ரவேலரிடம் விழுந்தபோது கர்த்தரின் கட்டளை தெளிவாக இருந்தது. வெள்ளி, பொன், வெண்கலம், இரும்புப் பாத்திரங்கள் எல்லாம் கர்த்தரின் பொக்கிஷத்துக்கு. மற்றவை அழிய வேண்டியவை. யாரும் தனக்கென்று எதையும் தொடக்கூடாது. ஆகான் தொட்டான். பாபிலோனிய சால்வை ஒன்று, 200 சேக்கல் வெள்ளி, 50 சேக்கல் எடையுள்ள பொன்பாளம் ஒன்று. ஒரு சேக்கலுக்குச் சுமார் 11 கிராம் என்று வைத்துக்கொண்டால் வெள்ளி இரண்டு கிலோவுக்கு மேல். பொன் ஏறத்தாழ 70 பவுன். நம்மூரில் ஒரு பெண்ணை நல்ல இடத்தில் கட்டிக்கொடுக்கக் கேட்கும் கணக்கு.

அவன் யார் என்பதையும் பாருங்கள். யூதா கோத்திரம், அதாவது இஸ்ரவேலில் முதல் வரிசை. தகப்பன் கர்மீ, பாட்டன் சப்தி, அதற்கு மேலே சேரா என்று வேதம் அவன் வம்சத்தையே அடுக்கிச் சொல்கிறது. மாடும் கழுதையும் ஆடும் வைத்திருந்தவன். பட்டினிக்காக எடுத்தவன் இல்லை. வெற்றி பெற்ற படையில் நடந்தவன், எல்லாரோடும் சேர்ந்து ஆர்ப்பரித்தவன். இப்படிப்பட்ட ஒருவரை நம் கோயிலில் தேடினால் கடைசி வரிசையில் கிடைப்பாரா?

அவன் எடுத்ததும் அடுத்த வீட்டுச் சொத்து இல்லை. அந்த வெள்ளியும் பொன்னும் கர்த்தருடைய பொக்கிஷத்துக்குப் போகவேண்டியவை. நம் பேச்சில் சொன்னால் காணிக்கைப் பணம். இந்த ஒரு விவரத்தை மட்டும் மனதில் வைத்துக்கொண்டாலே ஆகான் பிரசங்கத்தில் பாதிப்பேர் தப்பித்துக்கொள்வார்கள். குடிகாரருக்குக் குடி ஒரு பாவம் என்றால் அதற்கு வேறு வேதபாடம் உண்டு. இந்தக் கதை அவரைப் பற்றியது இல்லை. காணிக்கைப் பெட்டியின் சாவி யார் கையில் இருக்கிறதோ அவர்களைப் பற்றியது.

அந்தச் சால்வையைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். நமக்கும் சால்வை மேல் ஒரு பிரியம் உண்டு. பிரதிஷ்டைப் பண்டிகை மேடையில் யாருக்கு முதலில் பொன்னாடை, யார் கையால் போடுவது என்பதில் இரண்டு குடும்பங்கள் பேச்சுவார்த்தை இல்லாமல் போனதை எல்லாரும் பார்த்திருப்போம். மின்விசிறியின் இறக்கையில்கூடக் கொடுத்தவர் பேரை எழுதி, அது சுற்றும்போது படிக்க முடியவில்லையே என்று கவலைப்படுகிற ஆட்கள் நாம். அப்போஸ்தலர் 5ஆம் அதிகாரத்து அனனியாவும் சப்பீராளும் ஆசைப்பட்டது இந்தச் சால்வைக்குத்தான் என்று எனக்குத் தோன்றும். முந்தின அதிகாரத்தின் முடிவில் பர்னபா நிலத்தை விற்று மொத்தப் பணத்தையும் கொண்டுவந்து வைக்கிறார். அந்தப் பேர் தங்களுக்கும் வேண்டும், பணத்தில் ஒரு பகுதியும் வேண்டும். நிலம் அவர்களுடையது, விற்ற பணமும் அவர்களுடையதே என்று பேதுருவே ஒத்துக்கொள்கிறார். பாதியைக் கொண்டுவந்து இது பாதி என்று சொல்லியிருந்தால் ஒரு குற்றமும் இல்லை. சபையின் முன்னால் முழுசு என்று காட்டியதுதான் குற்றம். பேதுரு அதைச் சொன்னதும் புருஷன் விழுந்து சாகிறார், ஏறக்குறைய மூன்று மணி நேரம் கழித்து மனைவி வருகிறாள், அவளும் அதே தொகையைச் சொல்கிறாள். வீட்டிலேயே பேசி வைத்துக்கொண்டு வந்த கணக்கு.

ஆகானிடம் திரும்புவோம். அவன் அந்தச் சால்வையை ஒருநாளும் உடுத்த முடியாது. பாளயத்தில் யார் பார்த்தாலும் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். பொன்னை விற்க முடியாது. கூடாரத்துக்குள் குழி தோண்டி, வெள்ளியை அடியில் வைத்து மூடினான். இச்சையின் வேலை இப்படித்தான் முடிகிறது. எடுத்தவனுக்கும் உதவாது, எடுக்கப்பட்ட இடத்துக்கும் திரும்பாது. இதைவிடக் கொடுமை அடுத்த அதிகாரத்தில் இருக்கிறது. ஆயி பட்டணத்தில் கொள்ளையையும் மிருக ஜீவன்களையும் ஜனங்களே எடுத்துக்கொள்ளலாம் என்று கர்த்தர் சொல்கிறார். கொஞ்சம் பொறுத்திருந்தால் அவன் பங்கு நேர்வழியில் அவன் கூடாரத்துக்கே வந்திருக்கும்.

விலை கொடுத்தது யார்? எரிகோவுக்கு அடுத்து ஆயியை வேவு பார்த்துவிட்டு வந்தவர்கள், சின்ன ஊர்தான், இரண்டாயிரம் மூவாயிரம் பேர் போதும் என்றார்கள். ஏறக்குறைய 3000 பேர் போனார்கள். போகலாமா என்று கர்த்தரிடம் யோசுவா கேட்டதாக அந்த இடத்தில் ஒரு வரியும் இல்லை, இதைப் பிரசங்கத்தில் யாரும் சொல்வதும் இல்லை. ஆயியின் மனுஷர் அவர்களை வாசலிலிருந்து செபாரீம்வரை துரத்தி, மலை இறக்கத்தில் வெட்டினார்கள். ஏறக்குறைய 36 பேர் செத்தார்கள். அவர்களில் எவனும் சால்வையைக் கண்ணால்கூடப் பார்த்ததாகச் சொல்லப்படவில்லை. ஒளித்தவன் கூடாரத்தில் இருக்க, ஒன்றும் அறியாதவன் சரிவில் கிடந்தான். கர்த்தர் குற்றம் சாட்டும்போதும் ஆகானின் பேரைச் சொல்லவில்லை. இஸ்ரவேலர் பாவம் செய்தார்கள், எடுத்தார்கள், திருடினார்கள், பொய் சொன்னார்கள் என்று பன்மையிலேயே பேசுகிறார்.

ஒருவன் செய்ததற்கு ஊரையே எப்படிச் சொல்வது என்று கேட்பீர்கள். சபைப் பணம் எப்படி மறைகிறது என்று பார்த்தால் அந்தப் பன்மை புரிந்துவிடும். பெரும்பாலும் அது திருட்டாகத் தொடங்குவதில்லை. அசன விருந்துக்குப் பிரித்த பணம் பொருளாளர் வீட்டு பீரோவில் இருக்கும். வங்கிக்குப் போக நேரம் இல்லை. மகள் கலியாணத்துக்கு முந்தின வாரம் ஒரு அவசரம். சும்மா கிடக்கிற பணம்தானே, அறுப்பின் பண்டிகைக்கு முன்னால் வைத்துவிடலாம். வைக்கவும் செய்வார், முதல் தடவை. அடுத்த தடவை, சும்மா கிடப்பதற்கு வட்டிக்காவது விட்டால் சபைக்கு லாபம் என்று ஒரு நியாயம் பிறக்கும். வட்டி வரும், முதல் வராது. இது செயலருக்குத் தெரியும். ஆனால் அவர் கோயிலுக்கு வெள்ளையடித்த கணக்கில் ரசீது ஒன்றைச் சரிக்கட்டியவர். அது பொருளாளருக்குத் தெரியும். சபைப் போதகரான ஐயரவாளுக்கு இரண்டும் தெரியும். அவருக்கு மாற்றல் வரும் நேரம், நல்ல சேகரம் கிடைக்க மன்றத்தாரின் தயவு வேண்டும். மூத்த உறுப்பினர் ஒருவருக்கும் தெரியும். அவருடைய பேத்தி பள்ளிக்கூட வேலைக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள். ஒவ்வொருவர் வாய்க்கும் இன்னொருவரிடம் பூட்டு. இவர்களில் இரண்டு பேர் ஒரு பைசா தொட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் இப்போது அது ஒரு ஆளின் பாவம் என்று சொல்ல முடியுமா?

மறைத்த பொருளைவிட மறைப்பு பெரிதாகிவிடுகிறது. பணம் நாலு லட்சமாக இருக்கலாம், நாற்பதாயிரமாக இருக்கலாம். அதைச் சுற்றி வளரும் மௌனத்துக்கு அளவில்லை. அதன்பின் மன்றத்தில் எந்த நியாயத்தையும் யாரும் வாய்விட்டுப் பேச முடியாது. பேச எழுகிறவரை, நீங்கள் மட்டும் என்ன என்று ஒரு பார்வை உட்கார வைத்துவிடும்.

அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் நினைத்துப் பார்க்கவேண்டும். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போட்டுச் சேர்த்த அம்மாமார் உங்கள் சபையில் இன்னும் இருப்பார்கள். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு முருங்கைக்காய்க் கட்டை நூறு ரூபாய்க்கு எடுத்து, எடுத்ததைத் திரும்பவும் கோயிலுக்கே கொடுத்துவிட்டுப் போகிற கொத்தனாரைப் பார்த்திருப்பீர்கள். முதல் சம்பளத்தை உறையோடு கொண்டுவந்து வைக்கும் பிள்ளைகள், பிரசவம் நல்லபடியாக முடிந்ததற்குப் பொருத்தனைப் பணம் செலுத்தும் தாய்மார். செபாரீம் சரிவில் விழுகிறவர்கள் இவர்கள்தான். என்றைக்காவது உண்மை தெரியவரும்போது இவர்களுக்குப் பணத்தின் மேல் கோபம் வராது. தாங்கள் ஜெபத்தோடு வைத்தது எதுவுமே எங்கும் போய்ச் சேரவில்லை என்று நினைத்து உள்ளுக்குள் உட்கார்ந்துவிடுவார்கள்.

திருநெல்வேலித் திருச்சபை இப்படிப்பட்ட சின்னக் காணிக்கையின் மேல்தான் நின்றது. ஊரைவிட்டுத் துரத்தப்பட்ட விசுவாசிகளுக்கு நிலம் வாங்கிக் குடியமர்த்திய முதலூர் 1799இல் உண்டானது. மிஷனெரியான ரேனியஸ் ஐயர் 1830இல் தொடங்கிய தர்ம சங்கமும் அதே வேலையைத்தான் செய்தது. நிலம் வாங்குவது, வீடற்றவர்களை உட்கார வைப்பது. பின்னாளில் தோர்ணக்கல் பேராயரான வெள்ளாளன்விளை அசரியா, 1903இல் பாளையங்கோட்டையில் நண்பர்களோடு இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியபோது வெளிநாட்டுக் காசை எதிர்பார்க்கவில்லை. நம் ஜனங்களின் காணிக்கையில், நம் ஆட்களைத் தெலுங்கு நாட்டுக்கு அனுப்பினார். பனையேறிகளின் பிள்ளைகள் கொடுத்த காசு தோர்ணக்கல்வரை போய்ச் சேர்ந்தது. பிரித்தவர் கையில் அது நிற்காது என்ற நம்பிக்கையைத் தவிர அந்த ஜனங்களுக்கு வேறென்ன உத்தரவாதம் இருந்தது?

இன்றைக்கு நிலத்தைப் பற்றிப் பேசினாலே உங்கள் முகம் மாறுகிறது. முன்னோர் கோயிலுக்கு என்று எழுதிவைத்த இடம் குத்தகைக்குப் போகிறது, குத்தகைத் தொகை கேட்டால் பதில் இல்லை. தேர்தல் வந்தால் சபைக்குள்ளேயே இரண்டு அணி. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போகிறது, வக்கீல் கட்டணம் யார் காசு என்று கேட்க ஆளில்லை. இந்த இடத்தில் ஆகானைவிட நாபோத்தின் கதைதான் எனக்குப் பயமாக இருக்கிறது. ஆகாப் ராஜாவுக்கு அரமனையை ஒட்டி ஒரு திராட்சத்தோட்டம் வேண்டும். நாபோத் பிதாக்களின் சுதந்தரத்தைத் தரமாட்டேன் என்கிறான். ராஜா கட்டிலில் முகத்தைத் திருப்பிப் படுத்துக்கொண்டு சாப்பிட மறுக்கிறார். சின்னப்பிள்ளைத்தனம்தான். ஆனால் அதிகாரம் உள்ளவரின் சின்னப்பிள்ளைத்தனம் ஆளைக் கொல்லும். ராஜாவின் மனைவி யேசபேல் ஊர் மூப்பருக்குக் கடிதம் எழுதுகிறாள். முதலில் என்ன செய்யச் சொல்கிறாள் தெரியுமா? உபவாசம் அறிவிக்கச் சொல்கிறாள். உபவாச சபையைக் கூட்டி, அதன் முன்னால் இரண்டு பொய்ச்சாட்சிகளை நிறுத்தி, பக்தியின் பேரால்தான் நாபோத்தைக் கல்லெறிந்து கொன்றார்கள். மூப்பர்களில் ஒருவர்கூடக் கடிதத்தைத் திருப்பி அனுப்பவில்லை. கணக்குக் கேட்டவரைச் சபைக்கு விரோதி என்று சொல்லி ஒதுக்கிவிட்டு, அந்த வாரமே மூன்று நாள் உபவாச ஜெபம் அறிவிக்கிற வழக்கம் நம்மிடமும் இல்லாமல் இல்லை.

வாலிபர் வரவில்லை என்ற புலம்பலுக்கு வருகிறேன். கைப்பேசியைக் குறை சொல்கிறீர்கள், பக்கத்துப் பெந்தெகொஸ்தே சபையின் கிட்டார் சத்தத்தைக் குறை சொல்கிறீர்கள். தோற்ற பிறகு யோசுவாவும் இப்படித்தான் தேடினார். வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டு கர்த்தரின் பெட்டிக்கு முன்னால் சாயங்காலம்வரை விழுந்துகிடந்து, யோர்தானை ஏன் கடக்க வைத்தீர் என்று கர்த்தரையே கேட்டார். எழுந்திரு என்பதுதான் வந்த பதில். விழுந்துகிடந்தது போதும், உள்ளே பார் என்ற அர்த்தத்தில். நம் பிள்ளைகள் எதையும் பார்க்காதவர்கள் இல்லை. ஆசிரியர் வேலைக்குத் தன் அப்பா யாரிடம் எவ்வளவு கொடுத்தார் என்று தெரிந்த ஒரு பெண், வாங்கிய அதே கை நற்கருணைக் காணிக்கைத் தட்டைத் தூக்கி வருவதைப் பார்க்கிறாள். அவள் எழுந்து போய்விட்டால் அதை விசுவாசக் குறைவு என்று எழுதிவைப்பீர்களா?

இந்தக் கதையைத் தப்பாகப் பிரயோகிப்பதால் வரும் இன்னொரு அநியாயமும் இருக்கிறது. யாருக்காவது விபத்து நடந்தால், பிள்ளை இறந்து பிறந்தால், அந்த வீட்டில் என்ன மறைந்திருக்கிறதோ என்று முணுமுணுக்கிறோம். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று இயேசு கேட்டு, இல்லை என்று அவரே மறுத்தார். ஆயியில் செத்த 36 பேரும் குற்றவாளிகள் இல்லை. ஆகவே அடிபட்டவன் வீட்டில் தேடாதீர்கள். ஆகானோடு அவன் பிள்ளைகளையும் கல்லெறிந்ததாக வரும் பகுதி எனக்கு இன்றும் விழுங்க முடியாததுதான். பிதாவின் குற்றத்துக்காகப் பிள்ளைகளைக் கொல்லக்கூடாது என்று உபாகமமே சொல்கிறது. அந்தப் பிள்ளைகளுக்குக் குழியைப் பற்றித் தெரியுமா தெரியாதா என்று வேதம் சொல்லவில்லை. வியாக்கியானக்காரர் பலவிதமாகச் சொல்வார்கள், ஒன்றும் எனக்குத் திருப்தி தரவில்லை. நம் ஊரில் தகப்பன் செய்ததை மகள் கலியாணப் பேச்சின்போது கேட்டு அவமானப்படுத்துகிறவர்கள் மட்டும் ஆகானின் பிள்ளைகளைப் பற்றிய அந்த வசனத்தை ஆதாரமாகக் காட்டவேண்டாம்.

ஆகானைக் கண்டுபிடித்த அந்தத் தேடல் எப்படி நடந்தது என்பதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது. சீட்டுப் போட எல்லாக் கோத்திரங்களும் வந்து நின்றன. நாங்கள் தலைவர்கள், நாங்கள் ஏன் நிற்கவேண்டும் என்று யூதா ஒதுங்கவில்லை. ஒதுங்கியிருந்தால் ஆகான் அகப்பட்டே இருக்கமாட்டான். கோத்திரம், வம்சம், குடும்பம், ஆள் என்று வரிசையாக நெருங்கி வந்தது. வேறொருவரைப் பிடித்துக் கணக்கை முடித்துவிடலாம் என்ற குறுக்குவழி அதில் இல்லை. ஆள் அகப்பட்டதும் யோசுவா அவனை மகனே என்று கூப்பிட்டார். பிறகுதான் கேள்வி. நம் மன்றத்தில் ஓடிப்போய்க் கலியாணம் செய்த பெண்ணிடம் மன்னிப்புக் கடிதம் வாங்கியபோது யாராவது அவளை மகளே என்று கூப்பிட்டார்களா? நற்கருணையிலிருந்து விலக்கி வைக்கும் அதிகாரத்தை இன்றுவரை எத்தனை பொருளாளர்மேல் பிரயோகித்திருக்கிறீர்கள்?

எடுத்தவருக்கு வழி இல்லாமல் இல்லை. கல்லெறிய நான் சொல்லவில்லை. எண்ணாகமம் 5ஆம் அதிகாரம் வேறொரு முறையைச் சொல்கிறது. பாவத்தை அறிக்கையிட்டு, எடுத்த முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டி, யாருக்குக் குற்றம் செய்தாரோ அவருக்கே திரும்பக் கொடுக்கவேண்டும். லட்சம் எடுத்தால் ஒரு லட்சத்து இருபதாயிரம். ஆயக்காரத் தலைவர் சகேயு இன்னும் தாராளமாகப் போனார். ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியதற்கு நாலத்தனை. அவரை அதற்குமுன் யாரும் விசாரிக்கவில்லை, வழக்குப் போடவில்லை. வீட்டுக்கு ஒருவர் தங்க வந்தார், அவ்வளவுதான். ஆகான் சாகடிக்கப்பட்ட ஆகோர் பள்ளத்தாக்கைப் பின்னாளில் ஓசியா தீர்க்கதரிசி நம்பிக்கையின் வாசலாகப் பார்க்கிறார். அந்த வாசல் திறக்கவேண்டுமென்றால், யாராவது ஒருவர் தன் கூடாரத்துக் குழியைத் தானே தோண்டவேண்டும், துரத்தப்படுவதற்கு முன்னால்.

மன்றமாக நீங்கள் செய்யக்கூடியது பெரிய விஷயம் இல்லை. மாதக் காணிக்கை வரவையும் செலவையும் கோயில் வாசல் பலகையில் ஒட்டுங்கள், பொறுப்பாளர் கையெழுத்தோடு. பண்டிகைப் பணத்தை எண்ணும் இடத்தில் மன்றத்தில் இல்லாத இரண்டு பேரை, அதில் ஒருவரைப் பெண்கள் ஐக்கியத்திலிருந்து, உட்கார வையுங்கள். எண்ணிய பணம் எந்த வீட்டு பீரோவிலும் ஒரு இரவுக்குமேல் தங்கக்கூடாது என்று தீர்மானம் போடுங்கள். நிலக் குத்தகைப் பத்திரங்களைச் சபையார் யார் கேட்டாலும் காட்டுங்கள். தணிக்கையாளர் உங்கள் மைத்துனராக இருந்தால் மாற்றுங்கள். பள்ளிக்கூட நியமனத்தில் பணம் வாங்கப்பட்டிருந்தால், வாங்கியவர் கொடுத்தவரிடம் ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் திருப்பிக் கொடுக்கட்டும். இதையெல்லாம் செய்தால் நாளைக்கே எழுப்புதல் வந்துவிடும் என்று நான் சொல்லவரவில்லை. அது கர்த்தர் பாடு. கணக்கு உங்கள் பாடு.

அடுத்த மாதக் கூட்டத்துக்கான அழைப்பு இன்னும் அச்சுக்குப் போயிருக்காது என்று நினைக்கிறேன். ஆரம்ப ஜெபத்துக்கு அடுத்தபடியாகக் கணக்கு வாசிப்பை வையுங்கள். வழக்கம்போல் கடைசியில், பிரியாணி வந்து இறங்கிய பிறகு வைக்கவேண்டாம்.

கர்த்தருக்குள் உங்கள்,
பெஞ்சில் இருக்கும் ஒருவன்